வலி போய்விட்டது, கால் மட்டும் இன்னும் பிரள்கிறது

கேள்வி: எனக்கு வயது 44. ஆசிரியை. நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. பதினோரு வாரங்களுக்கு முன் மாடிப்படியில் இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதைக் கவனிக்காமல் கால் வைத்துவிட்டேன். வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே வெளிப்பக்கம் பொதபொதவென்று வீங்கி, காலை ஊன்றவே முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து, ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கவில்லை. இப்போது வலி அநேகமாக இல்லை. ஆனால் மேடுபள்ளத்தில் கால் வைத்தால் சட்டென்று பிரள்கிறது. இரண்டு முறை விழப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாலையில் வீங்குகிறது. படியிறங்கவே பயமாக இருக்கிறது. ஜவ்வு கிழிந்திருக்குமா? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா? அம்மாவோ, "ஒழுங்கா ரெஸ்ட் எடுக்காததாலதான் இப்படி, இன்னும் ஒரு மாசம் காலை அலட்டாதே" என்கிறார். தினமும் எலாஸ்டிக் சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். அதனால் கால் பலவீனமாகிவிடுமா? இரண்டரை மாதம் கழித்துத் தோழிகளோடு மலை நடைப்பயணம் போகப் பெயர் கொடுத்திருக்கிறேன். போகலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு போதாமல் இந்தக் கால் பிரளவில்லை. ஓய்வு முடிந்த பிறகு நடந்திருக்க வேண்டிய வேலை நடக்கவே இல்லை, அதனால் பிரள்கிறது. இன்னும் ஒரு மாதம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த மாதமும் இதே கடிதத்தைத்தான் எனக்கு எழுதுவீர்கள்.

சுளுக்கில் வலி சீக்கிரம் போய்விடும். வீக்கமும் பெரும்பாலும் தானாக வடியும். ஆனால் கணுக்கால் முன்னால் மடங்கும் அளவு, கெண்டைக்காலின் பலம், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம் ஆகிய மூன்றும் தானாகத் திரும்பி வருவதில்லை. என்னிடம் இரண்டாவது, மூன்றாவது சுளுக்கோடு வருகிறவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: "வலி போச்சு, அதோட விட்டுட்டேன்." நீங்களும் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான். நல்லவேளை, கேட்டுவிட்டீர்கள்.

அன்று படியில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் புரியும். கீழே இறங்கும் பாதம் விரல்நுனி தரையைப் பார்த்தபடி இருக்கும். கணுக்கால் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டேலஸ் என்ற எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் மேல்நோக்கி மடங்கியிருக்கும்போது அந்த அகலமான பகுதி இரண்டு கால் எலும்புகளுக்கு நடுவில் இறுக்கமாகப் பொருந்திக்கொள்ளும். விரல்நுனி கீழே போகும்போது குறுகலான பகுதி அங்கே வந்துவிடுவதால் மூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளங்கால் உள்பக்கம் திரும்பினால், உடம்பின் பாரம் முழுவதும் வெளிப்பக்க ஜவ்வுகள் மேல் விழும். அங்கே மூன்று ஜவ்வுகள் உண்டு. முன்பக்கம் இருப்பதுதான் முதலில் அடிபடும். விசை இன்னும் அதிகமானால் குதிகால் எலும்போடு சேரும் இரண்டாவது. பின்னால் இருக்கும் மூன்றாவது சேதமாவது அபூர்வம்.

ஆகவே, ஜவ்வு கிழிந்திருக்குமா என்றால், ஆமாம், கொஞ்சமாவது கிழிந்திருக்கும். அவ்வளவு வீக்கம் சும்மா வராது. இதைப் படித்துவிட்டு பயப்பட வேண்டாம். முழுக்க அறுந்த ஜவ்வுகூட பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே, முறையான பயிற்சியிலேயே தேறிவிடுகிறது. அதனால்தான் இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்கிறேன். ஸ்கேனில் பழைய கிழிசல் தெரியும், தழும்பு தெரியும், கொஞ்சம் நீர் கோத்திருப்பதும் தெரியலாம். இதெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்களின் ஸ்கேனிலும் தெரியக்கூடியதுதான். ஒற்றைக்காலில் எத்தனை நொடி நிற்கிறீர்கள் என்பது மட்டும் எந்த ஸ்கேனிலும் தெரியாது. ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் காலை ஊன்றத் தயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம்தான் அவர்களுக்குக் கூடுதல் நோயானது.

எலும்பு முறிவைத் தவறவிட்டிருப்பார்களோ என்ற சந்தேகமும் உங்கள் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. கணுக்கால் அடிக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992-இல் ஒரு விதிமுறையை வெளியிட்டார்கள். இரண்டு பக்கக் கணு எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள் அல்லது நுனியில் அழுத்தினால் வலிக்கிறதா, பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்தில் வலிக்கிறதா, உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் நவிகுலர் எலும்பில் வலிக்கிறதா, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா என்று பார்ப்பார்கள். உங்களால் ஊன்ற முடியவில்லை, அதனால் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் முறிவு இல்லை, இப்போது வலியும் இல்லாமல் நடக்கிறீர்கள். அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

சரி, கிழிந்த ஜவ்வு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் கால் ஏன் இன்னும் பிரள வேண்டும்?

ஜவ்வு என்பது இரண்டு எலும்புகளைச் சேர்த்துக் கட்டிய கயிறு என்று நினைத்தால் பாதி உண்மைதான். அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்ற தகவல் அங்கிருந்தும் சுற்றியுள்ள தசைகளிலிருந்தும் ஓயாமல் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் காலின் வெளிப்பக்கம் ஓடும் பெரோனியல் தசைகள் சட்டென்று இழுத்து, சாயும் பாதத்தை நிமிர்த்தும். ஜவ்வு கிழியும்போது இந்த ஏற்பாடும் சேர்ந்து கெட்டுப்போகிறது. சுளுக்கியவர்களின் கால் பின்னாளிலும் பிரள்வதற்கு இதுவே காரணம் என்று ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1965-லேயே எழுதினார். ஆடும் பலகையில் நிற்கவைத்துப் பயிற்சியும் கொடுத்தார். இன்றைக்குக் காரணங்களின் பட்டியல் இன்னும் நீளம். ஆனால் ஒற்றைக்கால் பயிற்சி அன்றிலிருந்து இன்றுவரை சிகிச்சையின் நடுவில்தான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் மூன்று வாரக் கட்டில் வாசமும் சேர்ந்துகொண்டது. கெண்டைக்கால் தசை வேலையில்லாமல் இருந்தால் வெகு வேகமாகக் கரையும். மூட்டு விறைத்துக்கொள்ளும். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாக 1978-இல் கொடுத்தவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் சில நாட்களுக்கு ஓய்வு நியாயம். அதன்பின் தாங்குகிற அளவு பாரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக உருவாகும் இழைகள் பாரம் வருகிற திசையைப் பார்த்துத்தான் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. இந்த அடுக்கும் வேலை மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரைகூட நடக்கும். பதினோராவது வாரம் என்பது ஒன்றும் தாமதமில்லை.

பயிற்சிக்கு முன் வலிக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வோம். வலியே இல்லாமல்தான் செய்வேன் என்றால் எதுவும் நகராது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வேன் என்றால் மூட்டு கோபித்துக்கொள்ளும். பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில்தான் தீர்ப்பு. எழுந்ததும் கால் நேற்றைப் போலவே இருந்தால் அந்த அளவு சரி. விறைப்பும் வீக்கமும் நேற்றைவிட அதிகமாக இருந்தால் ஒரு நாள் விட்டு, அளவைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். மாலை வீக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நாள் முழுக்க நிற்கிறவருக்கு அது இன்னும் சில மாதங்கள்கூட வந்து போகும். இடைவேளையில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வையுங்கள். போதும்.

இப்போது ஒரு சோதனை. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். வலது பெருவிரலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முழங்காலை முன்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி. குதிகால் தூக்காமல் தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். இடது காலுக்கும் அதே மாதிரி. பலருக்கு 10 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். எனக்கு அந்த எண் முக்கியமில்லை, இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். வலது கால் 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால், உங்கள் படியிறங்கும் பயத்துக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

எப்படி என்கிறீர்களா? படியிறங்கும்போது மேல்படியில் நிற்கிற கால்தான் உழைக்கிறது. அந்தக் கணுக்கால் நன்றாக முன்னால் மடங்கினால்தான் அடுத்த பாதம் மெதுவாகக் கீழே போய்ச் சேரும். மடங்காவிட்டால் உடம்பு குறுக்குவழி தேடும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பீர்கள், இல்லையென்றால் கடைசி நொடியில் தொப்பென்று கீழே விழுகிற மாதிரி இறங்குவீர்கள். நடக்கும்போது வலது பாதம் மட்டும் வெளியே திரும்பியிருக்கிறதா என்று யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நமக்கே தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அது.

சோதனையே பயிற்சியும்கூட. அதே இடத்தில் முழங்காலைச் சுவரை நோக்கிக் கொண்டுபோய், கடைசியில் இரண்டு நொடி நிறுத்தி, திரும்பி வாருங்கள். பதினைந்து முறை, காலையும் மாலையும். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் கணக்கில் வராது. கெண்டைக்கால் இழுத்தால் நல்லது. மூட்டுக்கு முன்னால் ஏதோ இடிக்கிற மாதிரி கூர்மையாக வலித்தால், அந்த ஆழத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றில் பாதத்தால் எழுத்து எழுதும் பயிற்சியை யாராவது சொல்லியிருப்பார்கள். அது முதல் வாரத்துக்கு நல்லது. பதினோராவது வாரத்தில் அதைச் செய்துகொண்டிருப்பது நேரப்போக்கு.

அடுத்தது பலம். இரண்டு காலிலும் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவதில் தொடங்கலாம். அது சுலபமானதும், இரண்டு காலால் ஏறி வலது காலால் மட்டும் மெதுவாக மூன்று நொடியில் இறங்குங்கள். அதுவும் பழகியதும் ஒற்றைக்காலிலேயே ஏற்றம், இறக்கம். சுவரில் இரண்டு விரல் வைத்துக்கொள்ளலாம், சாய்ந்துகொள்ளக் கூடாது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுளுக்கிய கால் மேலே போகும்போது பாரத்தைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளிவிடும். பாதம் மறுபடி பிரளுகிற திசையும் அதுதான்! பெருவிரலின் அடிப்பகுதி தரையை அழுத்தியபடியே ஏற வேண்டும். முடியாவிட்டால் உயரத்தைக் குறையுங்கள், திசையை விட்டுக்கொடுக்காதீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். ஒற்றைக்காலில் 25 முறை என்பது பழைய அளவுகோல். வயது கூடக்கூட இயல்பாகவே குறையும். உங்கள் இடது காலால் எத்தனை முடிகிறதோ அதில் பத்தில் ஒன்பது பங்கு வலதுக்கும் வந்தால் நான் திருப்திப்படுவேன்.

பெரோனியல் தசைக்கு எலாஸ்டிக் பேண்ட் ஒன்று போதும். நாற்காலியில் உட்கார்ந்து, பேண்டை இரண்டு பாதங்களையும் சுற்றி மாட்டி, குதிகாலை அசைக்காமல் வலது பாதத்தின் வெளிவிளிம்பை மட்டும் வெளியே இழுங்கள். முழங்கால் சேர்ந்து ஆடினால் தொடை ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். சமையல் மேடை அல்லது கனமான மேஜை ஒன்றின் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று, இடது காலைத் தூக்குங்கள். வலது பாதத்தைக் குனிந்து பார்க்காதீர்கள். எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். வீட்டில் வேறு யாரையாவது பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலுக்கு முன்னால் நரம்பு மாதிரி புடைத்து நிற்கும் தசைநாண்கள் விட்டுவிட்டுத் துள்ளும். விரல்கள் தரையைக் கவ்விப் பிடிக்கப் பார்க்கும். பாதம் இப்படியும் அப்படியும் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சாய்வதும் திருத்துவதுமாக அங்கே நடப்பதுதான் பயிற்சி. விரல்களைத் தளர்த்தி, குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூன்றும் தரையில் இருக்கிறதா என்று மட்டும் உணருங்கள். இடது காலில் எத்தனை நொடி, வலது காலில் எத்தனை நொடி என்று எழுதி வையுங்கள்.

முப்பது நொடி ஆடாமல் நிற்க முடிந்தால் கடினமாக்கலாம். தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு கண்ணை மூடிப் பாருங்கள். இதற்குக் கட்டாயம் கைக்கெட்டும் தூரத்தில் பிடிமானம் வேண்டும், ஏனென்றால் கண்ணை மூடியதும் சமாளித்துவந்த பலரும் ஐந்து நொடியில் தடுமாறுவார்கள். அடிபட்ட கணுக்காலின் குறையை அதுவரை கண்தான் மூடிமறைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் தரையைப் பார்த்தபடியே நடப்பதும் இதனால்தான். அதற்கடுத்து வலது காலில் நின்றபடி இடது பாதத்தை முன்னால், பின்னால் இடப்பக்கமாக, பின்னால் வலப்பக்கமாக என்று மூன்று திசையிலும் எட்டும் தூரம் வரை நீட்டி, விரலால் தரையை லேசாகத் தொட்டுத் திரும்புங்கள். வலது முழங்கால் மடங்கட்டும், குதிகால் எழும்பக் கூடாது. மேலே சொன்ன மூன்று விஷயங்களும் ஒரே பயிற்சியில் வந்துவிடுவதால், ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆடும் பலகை, ரப்பர் அரைக்கோளம் எல்லாம் கடையில் கிடைக்கும். இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்று வாங்கப் போக வேண்டாம். மடித்த கெட்டிப் போர்வையோ சோபா மெத்தையோ போதும். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதையே பழக்கமாக்கிக்கொள்பவர்கள்தான் கடைசிவரை விடாமல் செய்கிறார்கள். 2009-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டுக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு; ஒரு குழு கூடுதலாக எட்டு வாரம், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தது. ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியவர்கள் பயிற்சிக் குழுவில் 22 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் வீட்டுச் சுவரும் தரையும் மட்டும் வைத்துச் செய்த காரியத்துக்கு இது நல்ல பலன்.

கடைசிக் கட்டம் குதிப்பது. "நான் என்ன ஓட்டப்பந்தயமா ஓடப்போகிறேன்?" என்று இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் நழுவுவார்கள். படி தவறிக் கால் வைப்பது என்றால் என்ன? எதிர்பாராமல், முழு பாரத்தோடு ஒற்றைக்காலில் தரையிறங்குவதுதானே! அதற்குப் பழகாமல் விட்டால், மெதுவாகச் செய்த பயிற்சியெல்லாம் அந்த அரை நொடியில் உதவிக்கு வராது. ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது பதினைந்துக்குப் பக்கம் வந்து, நடை சீரானதும் தொடங்கலாம். முதலில் இரண்டு காலில், நின்ற இடத்திலேயே, ஒரு விரற்கடை உயரத்துக்குச் சின்னக் குதிப்பு. சத்தம் வராமல் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். அப்புறம் இடது காலால் உந்தி வலது காலில் இறங்கி மூன்று நொடி அசையாமல் நிற்பது. அப்புறம் பக்கவாட்டில். தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இடைவெளி விட்டு.

எலாஸ்டிக் சாக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கால் பிரள்வதைப் பெரிதாகத் தடுக்காது, வீக்கத்துக்குக் கொஞ்சம் உதவும், "பத்திரம்" என்று நினைவூட்டும். போட்டுக்கொள்வதால் கால் பலவீனமாகிவிடாது. உண்மையான பிடிமானம் வேண்டுமென்றால், லேஸ் கட்டுகிற அல்லது இரண்டு பக்கமும் கெட்டித் தகடு வைத்த ஆங்கிள் சப்போர்ட் நல்லது. மறுபடி சுளுக்குவதற்கான வாய்ப்பு அதிகம் உள்ள முதல் ஓராண்டில் விளையாட்டு, மேடுபள்ள நடை போன்றவற்றுக்கு அதை அணிவது பயனுள்ளது. பள்ளிக்கூடத்துக்குள் சமதரையில் நடப்பதற்குத் தேவையில்லை. பயிற்சியின்போது கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். அழுத்தி உருவி விடுவதும் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். லேசாக நீவிக்கொண்டால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

படியிறங்கும் பயம் உடனே போகாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதம் முழுவதும் படியில் பதிகிற மாதிரி வைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வாரம் கீழே இருக்கும் கடைசி இரண்டு படிகளில் மட்டும் மாற்றுக்கால் வைத்து இறங்கிப் பாருங்கள். அடுத்த வாரம் நாலு. பயத்தில் உடம்பை விறைத்துக்கொண்டு இறங்குவது தசைகளை மெதுவாக்கும். மூச்சை அடக்காதீர்கள்.

ஸ்கேன் வேண்டாம் என்றேனே, சில நிலைகளில் என் பதில் மாறும். மூட்டு நடுவில் சிக்கிக்கொண்டு அசையாமல் நின்றால், ஆழத்தில் ஒரே புள்ளியில் தொடர்ந்து வலித்தால், கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புக்கும் நடுவில் வலித்து, பாதத்தை வெளியே திருப்பினால் அது கூடினால், அல்லது இந்தப் பயிற்சிகளை ஒழுங்காக எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் செய்தும் கால் பிரள்வது குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொட்டாலே எரிகிறது, தோலின் நிறமும் சூடும் மாறுகிறது என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே போக வேண்டும்; ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் நான் எழுதியதைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம், முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டட்டும். முடிந்தால் நீங்களும் ஒரு தடவையாவது உங்கள் ஊர் பிசியோதெரபிஸ்ட் முன்னால் இவற்றைச் செய்துகாட்டுங்கள். கடிதத்தில் என்னால் உங்கள் குதிகால் எழும்புவதைப் பார்க்க முடியாது.

மலைக்கு வருவோம். பெயரை ரத்து செய்ய வேண்டாம். இரண்டரை மாதம் என்பது பத்து வாரம். எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும் இரண்டு வாரம் மிச்சம். இப்போது சமதரையில் அரை மணி நேரம் நடந்து பழகுங்கள். நாலாவது வாரத்திலிருந்து புல்தரை, மண்பாதை, லேசான சரிவு என்று மாற்றுங்கள். எட்டாவது வாரம் முடிவில் மூன்றைச் சரிபாருங்கள்: சுவர்ச் சோதனையில் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், வலது காலில் இறங்கி மூன்று நொடி ஆடாமல் நிற்க முடிய வேண்டும், இரண்டு மணி நேரம் மண்பாதையில் நடந்தும் மறுநாள் காலை கால் விறைக்கக் கூடாது. மூன்றும் சரியென்றால் தாராளமாகப் போகலாம், லேஸ் கட்டும் சப்போர்ட்டும் ஒரு நடைக்கோலும் எடுத்துக்கொண்டு. ஏறும்போது ஒன்றும் ஆகாது. களைத்த காலோடு இறங்கும்போதுதான் பிரளும். அதனால் தோழிகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், இறக்கத்தில் நீங்கள் மெதுவாகத்தான் வருவீர்கள் என்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாதி வழி வரை போய், இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள்.